ஏழில் மூன்றாவது பிரதி

அலவத்துகொடவில் நளீரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் விற்ற பொருளின் மேல் ஒரு தடவையாவது உட்காராதவர்கள் இல்லை. இருபத்தாறு வருடங்களாகக் கண்டிக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் கொமட், பேசின், டைல்ஸ், ஷவர் ஆகியவற்றை வழங்கி வரும் வியாபாரி அவர். மனிதன் தனிமையில் இருக்கும் நேரத்தைக் கண்ணியப்படுத்துவதே தன் தொழில் என்று ஒரு கூட்டத்தில் அவர் பேசியபோது சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நளீர் சிரிக்கவில்லை. தன் தொழிலைப் பற்றி அவர் ஒருபோதும் சிரித்ததில்லை.

வயது ஐம்பத்து நான்கு. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனை, இடுப்பில் அளவு நாடா. கலியாண வீடானாலும் மையித்து வீடானாலும் முதலில் குளியலறைக்குப் போய், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற விஷயங்களுக்கு வருவார். சாய்வு சரியில்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவர் புது வீடு கட்டினால் அதில் குறை இருக்குமா? இருந்தது. முன் ஹோலில் பதினாலு அடி அகலத்தில் ஒரு சுவர் வெறுமையாக நின்றது. எதிர்ச் சுவரில் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் தங்க எழுத்தில் இருந்தது. இந்தச் சுவருக்கு ஒரு மணிக்கூடு போதும் என்றார் மனைவி ஸக்கியா. பதினாலு அடிச் சுவருக்கு ஒரு மணிக்கூடு என்பது யானைக்குக் கோட் பொத்தான் தைத்த மாதிரி என்பது நளீரின் கட்சி.

படம் மாட்டலாம்தான். ஆனால் உயிருள்ள எதன் படத்தையும் அந்த வீட்டுச் சுவர் கண்டதில்லை. உருவப்படம் தொங்குகிற வீட்டுக்கு மலக்குகள் என்னும் வானவர்கள் வரமாட்டார்கள். அவர்களுடைய கலியாணப் படமே அலுமாரிக்குள் போர்வைகளுக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது. ஸக்கியா இந்த விஷயத்தில் கணவரை விடக் கறார். டிஷூப் பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் முகத்தில் பிளாஸ்டர் ஒட்டியவர் அவர்.

சுவரின் விதி கண்டியில் தீர்மானமாயிற்று. குளத்தைப் பார்த்த ஒரு பழைய பங்களாவில் படக் கண்காட்சிகள் நடக்கும். அங்கே புதிதாகப் போட்ட பேசின் ஒழுகுகிறது என்று முறைப்பாடு வர, நளீரே நேரில் போனார். குழாயை இறுக்கிவிட்டுக் கை துடைத்தபடி வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே ஒரு வெள்ளைச் சுவர். நடுவில் ஒரேயொரு படம். மேலிருந்து ஒரு சிறு விளக்கு அதன்மேல் மட்டும் விழுந்தது. மற்ற இடமெல்லாம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் இடம் இவ்வளவு விலையுயர்ந்ததாகத் தெரியலாம் என்பது டைல்ஸ் வியாபாரிக்குப் புதுச் செய்தி.

படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. சாம்பல் நிறப் பனி. வற்றிப்போன நீர்த்தேக்கத்தின் சேற்றுக் கரை, வெடித்த மண், தூரத்தில் பழைய சுவர் ஒன்றின் அடிப்பாகம். தண்ணீர் தொடங்கும் இடத்தில் ஓர் அரிசியளவு வெள்ளைப் பொட்டு. படம் பிடித்த யுகேஷ் பக்கத்திலேயே நின்றான். முப்பது வயது, தாடி, மாநகர சபைக் கிளாக்கர் ஒருவரின் மகன்.

"இது எத்துன அடி தம்பி?"

"நாலுக்கு ரெண்டே முக்கால் சார்."

"மெட்டா, க்ளோஸியா?"

"மெட் சார். பருத்திக் காகிதம். நூறு வருஷத்துக்கு நெறம் போகாது."

"கேரண்டி கார்ட் ஈக்கா?"

"கையெழுத்துப் போட்ட சான்றிதழ் தருவேன் சார். பாருங்க, ஓரத்துல பென்சிலால எழுதியிருக்கேன். ஏழுல மூணு. ஏழு பிரதிதான் அச்சடிப்பேன். அதோட சரி."

"நல்லா ஓடினா?"

"ஓடினாலும் அடிக்கமாட்டேன் சார்."

சரக்கு ஓடும்போது உற்பத்தியை நிறுத்தும் அந்த இளைஞனை நளீர் ஆழ்ந்த அனுதாபத்தோடு பார்த்தார். ஆனால், ஊரில் வேறு யாரிடமும் இருக்க முடியாத ஒரு பொருள் என்ற எண்ணம் அதற்குள் அவருக்குள் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

"மனுஷன், மாடு, பறவ, உயிர் ஒண்டும் உள்ளுக்கு இல்லியே?"

"இல்ல சார். அத மட்டும் நிச்சயமா சொல்லுவேன். அதுக்கு ஒரு கதை இருக்கு..."

"கத வாணாம். டெலிவரி எப்ப? எடம் எங்க இது?"

"தெல்தெனியப் பக்கம் சார். ரெண்டு வருஷத்துக்கு முந்தி, தண்ணி வத்தின நேரம்."

நளீரின் மனதில், பல்லிடுக்கில் மாட்டிய சீரகம் போல ஏதோ ஒன்று உறுத்தியது. அந்த நீர்த்தேக்கத்துக்கு எத்தனை மைல் கரை என்று தனக்கே நினைவூட்டிக்கொண்டு அதை விழுங்கிவிட்டார்.

அந்தச் சீரகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தன் வாழ்க்கையை நளீர் சொல்லும்போது இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் தெல்தெனியவில் ஒரு ஹோட்டலுக்கு லொறி நிறையக் கொமட் கொண்டுபோனார்கள். பாதை மோசம். போய் இறக்கியபோது பதினொன்று வெடித்திருந்தன. ஹோட்டல்காரர் எடுக்கவில்லை. திரும்ப ஏற்றி வந்தால் இறக்கக் கூலி, குவிக்க இடம், கடை வாசலில் வெடித்த கொமட் கிடந்தால் பெயருக்கு இழுக்கு. நீர்த்தேக்கக் கரையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. நளீர் லொறியை அங்கே இறக்கச் சொன்னார்.

"வேணாங்க முதலாளி," என்றார் சாரதி வீரசிங்கம். கெலிஓயாக்காரர், அறுபதை நெருங்கியவர், பத்தொன்பது வருடமாக நளீரின் லொறியை ஓட்டியவர். "குடிக்கிற தண்ணிங்க."

"தண்ணி வந்தா மூடிரும் வீரசிங்கம்," என்றார் நளீர்.

வீரசிங்கம் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. பதினொன்றையும் ஹோட்டலில் பிடித்த இரண்டு கூலிக்காரர்களோடு நளீரே தள்ளினார். தண்ணீர் வரவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். கூடவே கிடந்த பெட்டிகளில் கடைப்பெயர் இருந்தது. அந்தப் பக்கத்துப் பிரதேச சபை அலுவலகத்தில், மேசைக்கு முன் இருவரும் நிற்க, கொட்டியது யார் என்ற கேள்வி வந்தபோது, "எனக்குத் தெரியாம டிரைவர் செஞ்ச வேல" என்றார் நளீர். எழுதுகிறவர் வீரசிங்கத்தை நிமிர்ந்து பார்த்தார். வீரசிங்கம் தன் முதலாளியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பெயர் எழுதப்பட்டது. அபராதத்தை நளீரே பெருந்தன்மையோடு கட்டினார். கடையின் நற்பெயரை முன்னிட்டு வீரசிங்கத்தை வேலையிலிருந்து நிறுத்தினார். அபராதம் கட்டிய கதையை ஊருக்குச் சொன்னபோது அவருக்கே தன்மேல் மரியாதை கூடியது.

இனிப் படத்துக்கு வருவோம்.

படம் வந்தது. கண்காட்சிகளில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐம்பத்தேழு அங்குல உயரத்தில் இருக்கும் என்று யுகேஷ் சொல்லியிருந்தான். நளீர் ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, மூன்று தடவை அளந்து துளை போட்டார்.

"கொமட்டுக்குக்கூட நீங்க இப்பிடி அளக்கல்லியே," என்றார் ஸக்கியா.

"கொமட்டுக்கு ஸ்டேண்டர்ட் ஈக்கி. இது கலை."

"கலையா? புகையடிச்ச நேரம் எடுத்த படம் மாதிரி ஈக்கி. ஒண்டும் வெளங்கல்ல."

"வெளங்கினா வெல கொறஞ்சிரும்."

வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் மேற்கு ஜன்னலுக்குக் கனத்த திரை போடப்பட்டது. ஹோல் பகலிலும் இருண்டு கிடந்தது. ஸக்கியா அரிசியில் கல் பொறுக்கப் படத்துக்குப் போட்ட விளக்கின் கீழ் வந்து உட்காரத் தொடங்கினார். ஈரம் ஆகாது என்று ஒரு மெஷினும் வாங்கப்பட்டது. "ஊட்டுல ஈக்கிற ஆக்களுக்கு ஃபேன். படத்துக்கு மெஷின்," என்று அவர் சொந்தக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் படம் பார்க்க வந்தார்கள். நளீர் ஆறடி தள்ளி நிற்கச் சொன்னார். கண்ணைப் பாதி மூடச் சொன்னார். ஏழில் மூன்று என்பதன் தத்துவத்தை விளக்கினார். நான்கு மாதத்தில் ரசனை உள்ள மனிதர் என்ற பெயர் அலவத்துகொட முழுக்கப் பரவி, அக்குறணை எல்லையைத் தொட்டது.

இப்படி ஒரு பெயர் வந்தால் அடுத்ததாகப் பதவி வரும். ஊரில் 'சுத்தமான ஊர்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஓடையில் குப்பை போடுவோரைத் திருத்துவது நோக்கம். தலைவராக நளீரைப் போடலாம் என்று பேச்சு. சங்கத்தார் ஏழு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார் நளீர். அந்த ஏழு பேரில் ஒருவன் ஸக்கியாவின் தம்பி ஷப்ராஸ். அக்குறணையில் ஃபோன் கடை வைத்திருந்தான். பலர் ஒரே தட்டில் கூடி உண்ணும் சஹன் பிரியாணியில் ஏலக்காய் யார் வாயில் அகப்படும் என்று பந்தயம் கட்டினால் ஷப்ராஸின் பெயரைச் சொல்லலாம். அவன் தேடிக் கண்டுபிடிப்பான்.

சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் ஆறடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடினார்கள். ஷப்ராஸ் மட்டும் மூடவில்லை. கிட்டப் போனான்.

"மச்சான், எந்த இது? இந்த வெள்ளப் பொட்டு?"

"அது வெளிச்சம்."

"வெளிச்சத்துக்குக் கழுத்து ஈக்குமா? இது கொக்கு."

உள்ளறைத் திரைக்குப் பின்னால் கோப்பைச் சத்தம் நின்றது.

"கொக்கில்ல," என்றார் நளீர். "உயிர் ஒண்டும் இல்லாத படம். கேட்டுத்தான் எடுத்த."

"கொக்கு மாதிரித்தான் ஈக்கி," என்றார் சங்கத்தின் பொருளாளர்.

"சின்னதுதானே," என்றார் இன்னொருவர். "தூரத்துல நிண்டு பார்த்தா வெளங்காத உருவம் பரவால்ல எண்டு செல்லுவாங்க."

"வெளங்கிட்டே இப்ப!" என்றான் ஷப்ராஸ். "வெளங்கின பொறகு வெளங்கல்ல எண்டு செல்ல ஏலுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து ஸக்கியாவின் குரல் வந்தது. "நாலு மாசமா இந்த ஊட்டுல எனக்கு ஒழுங்கா நித்திர இல்ல. இப்ப வெளங்குது ஏன் எண்டு. மலக்குமார் வாசலோட திரும்பிப் பெய்த்தீக்காங்க."

"ஸக்கியா, நித்திர இல்லாதது ஒங்கட தேத்தண்ணியால."

ஷப்ராஸ் தன் கடையின் ஆக விலையுயர்ந்த ஃபோனை எடுத்து, வெள்ளைப் பொட்டைப் படம் பிடித்து, இரண்டு விரலால் பெருப்பித்து மச்சானின் கையில் கொடுத்தான். நளீர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஒரு தகப்பன் தன் பிள்ளையை முதுகை வைத்தே அடையாளம் காண்பான். இருபத்தாறு வருடம் கொமட் விற்றவருக்கு முகம் தேவையில்லை. சேற்றில் பாதி புதைந்து, இடப்பக்கம் சாய்ந்து, விளிம்பில் பிறை மாதிரி உடைந்து அது நின்றது. பின்பக்கக் குழாய்தான் ஷப்ராஸுக்குக் கொக்கின் கழுத்தாகத் தெரிந்திருந்தது. ஐவரி கலர். தெல்தெனிய ஓடரில் மட்டும் போன மொடல். தன் மானத்தைத் தானே விலை பேசி வாங்கி, ஐம்பத்தேழு அங்குல உயரத்தில், விளக்கும் போட்டு மாட்டியிருக்கிறார்.

"கொக்குதான்," என்றார் நளீர்.

"எந்த?"

"கொக்குதான். வெளங்குது. கழுத்து, கால் எல்லாம் ஈக்கி. கழட்டுவோம். இப்பவே கழட்டுவோம். ஸக்கியா, ஏணிய எடுத்தாங்க!"

ஒருவர் இவ்வளவு விரைவாகத் தோற்றுப் போனால் ஷப்ராஸுக்குப் பொறுக்காது. "அவசரப்படாதீங்க மச்சான். ஒண்ட ஹராம் எண்டு செல்ல முந்தி விசாரிக்கோணும். படம் புடிச்சவர்ட நம்பர் ஈக்கா?"

"இல்ல."

"பின்னுக்கு ஒட்டியீக்கி," என்றார் திரைக்குப் பின்னால் ஸக்கியா. நாலு மாதமாகத் தூசு தட்டுகிறவர் அவர்தானே.

ஷப்ராஸ் எடுத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி ஃபோனை மேசையில் வைத்தான்.

"கொக்கா?" என்று சிரித்தான் யுகேஷ். "இல்லீங்க சார். உயிர் ஒண்ணும் இல்லேன்னு சாருக்கு அன்னைக்கே சொன்னேன். அது கொமட்."

"எந்த?"

"கொமட்டுங்க. யாரோ பதினொரு கொமட்ட அங்க கொட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு ஐயா கெலிஓயாவுலருந்து ரெண்டு பஸ் மாறி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வருவாரு. சுத்தியலால ஒடச்சு, சாக்குல கட்டி, ரோட்டுக்குச் சொமந்துக்கிட்டுப் போவாரு. பத்த எடுத்துட்டாரு. கடைசி ஒண்ணு சேத்துல எறங்கிருச்சு. பக்கத்துல நில்லுங்க, ஒரு படம் எடுக்கிறேன்னு சொன்னேன். 'வேணாம் தம்பி, எம் பேர ஏற்கெனவே எழுதியாச்சு, மொகம் வேற எதுக்கு'ன்னு ஒதுங்கிட்டாரு. அதனாலதான் சார் படத்துல உயிரே இல்ல."

"அந்த ஐயாட பேரு?"

"வீரசிங்கம் ஐயா. ரொம்ப நல்ல மனுஷன். யாரு கொட்டினதுன்னு எத்தன தரம் கேட்டும் சொல்லல."

ஃபோன் வைக்கப்பட்டது. ஏழு பேரும் நளீரைப் பார்த்தார்கள். நளீர் தன் காலடி டைல்ஸின் சாய்வைப் பார்த்தார்.

"வீரசிங்கம் எண்டா ஒங்கட பழைய டிரைவர்தானே, நளீர் நானா?" என்றார் பொருளாளர். "அவன் கொட்டின கேஸ்தானே அது? நீங்க அபராதம் கட்டினீங்களே?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் பல விதமாகப் பதில் சொல்லலாம். நளீர் ஆமாம் என்பதிலேயே ஆகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தார்.

"ஓ."

"சுப்ஹானல்லாஹ்! செஞ்ச பாவத்தத் தானே சொமந்தீக்கான். இப்பிடித் தவ்பா செய்ய நம்மள்ல யாருக்கு ஏலும்?"

"அத மன்னிச்ச முதலாளியையும் செல்லோணுமே," என்றார் இன்னொருவர்.

இனிப்புக்கு வட்டிலப்பம் வருவதற்குள் நளீர் தலைவராகிவிட்டார். வட்டிலப்பத்தை அவர் சாப்பிட்டார். தொண்டை வழியே அது உடைந்த பீங்கான் மாதிரி இறங்கியது.

ஸக்கியாவின் மகிழ்ச்சிதான் பெரிய வேதனை. படம் ஹலாலாகிவிட்டது. அவர் திரையை விலக்கினார். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டார். "கொக்கு மாதிரித் தெரியும். கொக்கில்ல, கிட்டப் பாருங்க. ஒரு டிரைவர் செஞ்ச அநியாயம். பொறகு பாவம், அவனே சொமந்து எடுத்தீக்கான்," என்று நாளுக்கு மூன்று தடவை சொன்னார். அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் வீரசிங்கம் பதினொரு கொமட்டையும் புதிதாகக் கொட்டினார். நளீர் சுவருக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினார். ஆனால் எதிர்ச் சுவரில் ஆயத்துல் குர்ஸியின் கண்ணாடியில் அந்த வெள்ளைப் பொட்டு சரியாக நடுவில் தெரிந்தது. ஐம்பத்தேழு அங்குலக் கணக்கு பிழைக்கவில்லை.

பத்தாம் நாள் அவர் கெலிஓயாவுக்குப் புறப்பட்டார். வெறுங்கையோடு போகக் கூடாது. வேனில் ஒரு பெட்டியை ஏற்றினார். கடையில் உள்ளதிலேயே உசத்தி. மூடி சத்தமில்லாமல் தானாக இறங்கும்.

வாசலில் நின்றது வீரசிங்கத்தின் மனைவி புஷ்பம். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த கொமட் படத்தை அவர் ஆற அமரப் பார்த்தார்.

"இன்னொண்ணா?" என்றார். "இதையும் எங்க கொண்டு போடணும், சொல்லுங்க முதலாளி. அவரு ஸ்கூல் வேன் ஓட்டப் போயிருக்காரு. வந்தோன்ன பேர மட்டும் எழுதிக்கிறோம்."

நளீர் பெட்டியைக் கீழே வைத்தார். "இது... வீட்டுக்கு."

"வீட்டுல ஒண்ணு இருக்குங்க. செவுத்துல ஒண்ணு இருக்கு. போதும்ங்க."

சுவரில் இருந்தது. முன்னறையே சிறியது. சுவர் முழுவதையும் அந்தப் படம் அடைத்துக்கொண்டிருந்தது. அதே பனி, அதே சேறு, அதே அரிசியளவு பொட்டு. ஓரத்தில் பென்சிலால்: ஏழில் ஒன்று.

"அந்தப் புள்ள சும்மா குடுத்துச்சு," என்றார் புஷ்பம். "சாமி படத்துக்குப் பக்கத்துல கக்கூச மாட்டக்கூடாதுன்னு கத்தினேன். எதுத்த செவுத்துல மாட்டினாரு. இப்ப முருகன் நாள் முழுக்க அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. உக்காருங்க."

நளீர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். முருகனும் அவரும் சேர்ந்து கொமட்டைப் பார்த்தார்கள். பிளேன்டீ வந்தது. வீரசிங்கம் வந்தார். இளைத்திருந்தார். முதலாளியைக் கண்டதும் பழைய பழக்கத்தில் கை சட்டைப் பொத்தானைச் சரி செய்தது. அதைப் பார்க்க நளீரால்தான் முடியவில்லை.

"என்னங்க முதலாளி இவ்வளவு தூரம்?"

"அந்தப் படம் என்ட ஊட்டுலயும் ஈக்கி வீரசிங்கம்."

"யுகேஷ் தம்பி சொன்னிச்சு. சந்தோஷம்."

"அது எண்டு தெரியாமத்தான் வாங்கின."

"அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்." வீரசிங்கத்தின் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நளீருக்கு உதவியாக இருந்திருக்கும்.

"கடைசி ஒண்டு... அத எடுக்க ஏலுமா இப்ப? நான் ஆள் கொண்டு வாரன். மண் தோண்டுற பெக்கோ கொண்டு வாரன்."

"தண்ணி வந்திருச்சுங்களே," என்றார் வீரசிங்கம். "மூடிருச்சு. நீங்க சொன்ன மாதிரியே."

நளீர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போன கெழமைக்கு முந்தின கெழம ஊட்டுல ஏழு பேர் கேட்டாங்க. திரும்பவும் செல்லிட்டேன் வீரசிங்கம்."

"என்னான்னு?"

"ஓ எண்டு. வேற ஒண்டும் செல்லல்ல."

"அது போதும்ல," என்றார் புஷ்பம் உள்ளேயிருந்து.

"மாப்புக் கேக்க வந்தேன். பத்தொம்பது வருஷத்துக் கணக்குக்கு என்ன கேட்டாலும்..."

"கணக்கு வேணாங்க." வீரசிங்கம் முதன்முதலாகக் குறுக்கே பேசினார். "ஸ்கூல்ல வேலைக்குப் போனப்ப, அந்தக் கேஸ் நீதானேன்னு கேட்டாங்க. ஓமுன்னுதான் சொன்னேன். இல்லேன்னா யாரு நம்புவா? எங்கிட்ட நீங்க மன்னிப்புக் கேட்டா, எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சத எங்கிட்டயே சொல்ற மாதிரிங்க. எங்க சொன்னீங்களோ, அங்க சொல்லுங்க."

கொமட் பெட்டியை நளீர் திரும்ப வேனில் ஏற்றினார். வீரசிங்கம் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார்.

மறுநாள் அவர் தெல்தெனியப் பக்கத்துப் பிரதேச சபை அலுவலகத்துக்குப் போனார். மேசையில் புதிதாக ஒரு பெண் இருந்தார். நளீர் விஷயத்தைச் சொன்னார். அவர் ஃபைலைத் தேடி எடுத்தார்.

"இது முடிஞ்ச கேஸ். அபராதம் கட்டியாச்சு. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"செஞ்சது நான் எண்டு செல்ல."

"மேன்முறையீடா?"

"இல்ல. குத்தம் என்ட."

அவர் இழுப்பறையில் துழாவினார். குற்றத்தை மறுக்கப் படிவம் இருந்தது. தவணை கேட்கப் படிவம் இருந்தது. முடிந்துபோன குற்றத்தைத் தன்னுடையது என்று கேட்டு வாங்க வந்தவருக்குப் படிவம் இல்லை. கடைசியில் வெள்ளைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். நளீர் நின்றுகொண்டே எழுதினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் தோளுக்கு மேலால் வாசித்தார்கள். ஒருவர், "ஆ, நீங்கதான் பாத்ரூம் முதலாளியா?" என்று விசாரித்தார். தாளில் முத்திரை விழுந்தது. பிரதி ஒன்று கிடைத்தது. அதில் எண் எதுவும் இல்லை.

இரண்டாவது இடம் வீடு. சங்கத்தார் ஏழு பேரையும் மறுபடி சாப்பாட்டுக்கு அழைத்தார். கெலிஓயாவுக்கும் சொன்னார். ஞாயிறு காலை, கண்காட்சியில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவார்களே, அப்படி ஒரு அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தார். நாலு மாதமாக அந்தப் படத்துக்கு அப்படியொன்று இல்லாமல் இருந்தது. கடையில் விலை எழுதும் தடித்த பேனையால் எழுதி ஒட்டினார்.

ஸக்கியா அரிசிச் சுளகோடு வந்து விளக்கின் கீழ் நின்றார். வாசித்தார்.

'தெல்தெனிய நீர்த்தேக்கம். படம்: யுகேஷ். ஏழில் மூன்றாவது பிரதி. இதில் தெரியும் கொமட்டும் மற்றப் பத்தும் கொட்டியவர்: எம். ஸீ. எம். நளீர், அலவத்துகொட. பத்தை எடுத்தவர்: வீரசிங்கம், கெலிஓயா. அவர் எதையும் கொட்டவில்லை.'

ஸக்கியா இன்னொரு தடவை வாசித்தார். இரண்டு கிழமையாகத் தான் தெருப் பெண்களுக்குச் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. கணவரைத் திட்டுவதற்கு அவரிடம் எப்போதும் வார்த்தை தயாராக இருக்கும். அன்று இருக்கவில்லை. நளீரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏசுங்களே," என்றார்.

"எத்துன பேருக்குச் செல்லிட்டேன் நான்," என்றார் ஸக்கியா மெல்ல. "என்ட வாயால."

"செல்லுங்க. இனி இதச் செல்லுங்க."

"அவர்ட பெண்சாதியும் வாராவா?"

"புஷ்பம். வாரா."

"நான் எந்த முகத்தோட..." ஸக்கியா முடிக்கவில்லை. அட்டையைப் பார்த்தார். "கோணல்."

"எந்த?"

"அட்ட கோணலா ஒட்டியீக்கிறீங்க."

அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டுப் போய் ரசமட்டத்தை எடுத்துவந்தார். அட்டையை உரித்து, மட்டம் பார்த்து, மறுபடி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு சமையலறைக்குள் போய்விட்டார்.

கேட் திறந்தது. வழக்கம்போல முதலில் வந்தவன் ஷப்ராஸ். வழக்கம்போல நேரே படத்துக்குக் கிட்டப் போனான். பழக்கத்தில் ஃபோனையும் எடுத்தான். பெருப்பிக்க அவசியம் இருக்கவில்லை. தடித்த எழுத்து. பின்னால் வந்தவர்களும் ஆறடியில் நிற்காமல் கிட்ட வந்து நின்றார்கள். யாரும் கண்ணைப் பாதி மூடவில்லை.

ஷப்ராஸ் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாசித்தான். ஒரு குறை தேடித் திரும்ப ஒரு தடவை வாசித்தான். பிறகு மச்சானைத் திரும்பிப் பார்த்தான். நளீர் விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அப்ப அண்டைக்குக் கொக்கு எண்டு நீங்க செல்லக்குள்ள..."

"தெரியும்," என்றார் நளீர். "தெரிஞ்சிதான் சென்ன."

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. புஷ்பத்தின் குரல் அடக்கமாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது. "ஏங்க, இங்கயும் எதுத்த செவுத்துலதானா மாட்டியிருக்காங்க? நல்ல வேள, நம்ம வீட்டுல லைட்டுப் போடல."

நளீர் வீரசிங்கத்தை உள்ளே கூப்பிடப் போனார். போகும்போது விளக்கை அணைக்கக் கை சுவிட்ச் வரை போனது. பிறகு அதை அப்படியே விட்டுவிட்டார்.